ஐந்து ஸ்தேர் விறகும் பூட்டிய கடையும்: பிரெஞ்சுக் கிராமம் பற்றி வாசகர் கேள்விகள்

பிள்ளைகள் வெளிநாட்டில் நகரத்தை விட்டுத் தள்ளிக் குடியிருந்தால் சந்தேகங்களை எழுதுங்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி பெங்களூரிலிருந்து. அதிலும் பாதிக்கு மேல் பிரான்ஸ் கிராமங்களைப் பற்றியவை. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து, கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கே: மருமகனுக்கு கிளெர்மோன் ஃபெரான் நகரத்தில் வேலை. அங்கிருந்து 40 கி.மீ. தள்ளி, 300 பேர் இருக்கும் கிராமத்தில் வீடு. மே மாதம் நானும் வீட்டுக்காரரும் இரண்டு மாதம் தங்கப் போகிறோம். விசாவுக்கு 'மேரி' கையெழுத்து வேண்டும் என்கிறாள் மகள். யார் அந்த மேரி? அங்கே கடைகண்ணி வசதி எப்படி? (வாசகி, மல்லேஸ்வரம்)

மேரி என்பது ஆள் இல்லையம்மா, அலுவலகம். ஊராட்சி அலுவலகத்துக்கு அங்கே அதுதான் பெயர். விருந்தாளி தன் வீட்டில் தங்குவார் என்று உங்கள் மகள் அங்கே எழுதிக் கொடுத்து மேயரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அடையாள அட்டை அல்லது வசிப்பு அனுமதி, வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், வருமானச் சான்று, 30 யூரோ வரி முத்திரை ஆகியவை தேவை. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே சான்றிதழ் போதும். விசா மையத்தில் அசலைத்தான் கேட்பார்கள். அதனால் கூரியர் நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

இதில் இடறும் இடங்கள் இரண்டு. ஒன்று, இவ்வளவு சின்ன ஊரில் மேரி வாரத்தில் இரண்டு மூன்று அரை நாள்தான் திறந்திருக்கும். ஒரே ஒரு செயலர் இருப்பார், அவர் விடுப்பில் போனால் கோப்பும் விடுப்பில் போய்விடும். சான்றிதழ் வர ஒரு மாதம்கூட ஆகலாம். இரண்டு, நம்முடைய இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், மகள் பாஸ்போர்ட் நகலைக் காட்டி, அதில் அச்சாகியிருப்பது போலவே எழுதச் சொல்ல வேண்டும். அப்பா பெயரை விரித்து எழுதிவிட்டால் விசா விண்ணப்பத்தோடு ஒத்துப்போகாது. மற்றபடி ஷெங்கன் விசா (பிரான்ஸ் உள்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா) கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

கடை விஷயம். மதியம் 12.30க்கு மேல் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். ரொட்டிக்கடை காலை 7 மணிவாக்கில் திறந்து மதியம் மூடும், மறுபடி 4 மணிக்கு மேல் திறக்கும். வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை, பெரும்பாலும் திங்கள். ஞாயிறு மதியத்துக்குமேல் எதுவும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 300 பேர் ஊரில் ரொட்டிக்கடையே இல்லாமலும் இருக்கலாம். அப்படிப்பட்ட ஊர்களுக்கு வேன் வரும். ஹாரன் அடித்ததும் சில்லறையோடு வாசலுக்குப் போக வேண்டும், நம் தெருவில் தள்ளுவண்டிக் கீரைக்காரர் குரல் கொடுத்தால் போவதைப் போல. பஸ்ஸை நம்பாதீர்கள். பல தடங்களில் பள்ளி நாட்களில் மட்டும் ஓடும். சில இடங்களில் முதல் நாளே போனில் பதிவு செய்தால்தான் வண்டி வரும்.

மருந்து இரண்டு மாதத்துக்கும் சேர்த்து, சீட்டோடு எடுத்துப் போங்கள். கிராமத்து டாக்டரிடம் புது நோயாளிக்கு இடம் கிடைப்பது கஷ்டம். அவசரத்துக்கு 112.

மிக்ஸி கொண்டுபோகலாம். அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். நம் மூன்று பின் பிளக்குக்கு எர்த் உள்ள அடாப்டர் மட்டும் வேண்டும். வீட்டுக்குள் 19 டிகிரிதான் இருக்கும் என்றால் இட்லி மாவு பொங்காது. ஓவன் அடுப்பை மூட்டாமல் அதன் உள்விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை உள்ளே வைத்து மூடுங்கள். அந்தச் சூடே போதும். நெய், பனீர், பால்கோவா எதுவும் பெட்டியில் வேண்டாம்: இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை. கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழ் இல்லாமல் விடுவது அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்தை மட்டும். தேங்காய் அந்தப் பட்டியலில் இருப்பது நம் அதிர்ஷ்டம்.

கே: அங்கே முன்பின் தெரியாதவருக்கும் வணக்கம் சொல்ல வேண்டுமாமே? (வாசகர், அல்சூர்)

கட்டாயம். கடைக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்" சொல்லாமல் "ஒரு ரொட்டி" என்று கேட்டால், ரொட்டி கிடைக்கும், முகம் கிடைக்காது. தெருவில் எதிரே வருபவருக்கும் சொல்வது வழக்கம். மெஸ்யே, மதாம் சேர்த்தால் இன்னும் நல்லது. மாலையில் "போன்ஸ்வார்". நமக்கு ஒரு சௌகரியம் உண்டு: 'வூ', 'தூ' என்ற பேதம் அப்படியே நம் 'நீங்கள்', 'நீ' தான். அவர்களாக 'தூ' என்று சொல்லும் வரை நீங்கள் 'வூ'விலேயே நில்லுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எடுத்த எடுப்பில் 'நீ' போட்டால் நம்மூரில் என்ன ஆகுமோ அதேதான் அங்கும்.

கே: நாங்கள் முட்டையும் சேர்க்காத சைவம். கிராமத்து ஓட்டலில் என்ன சாப்பிட முடியும்? (வாசகி, மாட்டுங்கா, மும்பை)

நேராகச் சொன்னால், பசியோடு ஓட்டலுக்குப் போகாதீர்கள். 'சைவம்' என்றால் மீன் வைத்துவிடும் இடங்கள் இன்னும் உண்டு. "சான் வியாந்த், சான் புவாசோன், சான் எஃப்" என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், முட்டை இல்லாமல். காய்கறி சூப்பின் அடியில் கோழிச் சாறு இருக்கலாம். பச்சை சாலட்டில் பன்றித் துண்டுகளைத் தூவுவார்கள். வடக்கே உருளை வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதும் உண்டு. முதல் நாளே போன் செய்து சொன்னால் பல சின்ன ஓட்டல்கள் கத்தரி, சுரைக்காய் போன்ற கூர்ஷெத், குடைமிளகாய், தக்காளி போட்டுச் செய்யும் ரத்தத்தூயியைத் தனியாகச் செய்து தரும். சொல்லாமல் 2 மணிக்குப் போய் நின்றால் அடுப்பே அணைந்திருக்கும். மதியச் சாப்பாடு 12க்கும் 1.30க்கும் இடையில் முடிந்துவிடுகிறது.

பகெத் ரொட்டியில் பயமில்லை. 1993ஆம் ஆண்டு அரசாணைப்படி 'பாரம்பரிய' பகெத்துக்கு மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவுதான் அடிப்படை. பாலும் முட்டையும் சேராது, உறைய வைக்கவும் கூடாது. குருவாசான் என்ற பிறை வடிவ ரொட்டியில் வெண்ணெய் உண்டு, மேலே முட்டையும் தடவியிருப்பார்கள்.

சீஸ்தான் பலர் கவனிக்காத இடம். கோந்தே, ரோக்ஃபோர் மாதிரி பெயர்க் காப்பு பெற்ற பழைய சீஸ்களில் பாலைத் திரிப்பது கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். லேபிளில் 'பிரெசூர்' என்று இருந்தால் பெரும்பாலும் அதுதான். நுண்ணுயிர்த் திரிபொருள் என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தால் மட்டுமே எடுக்கலாம்.

வீட்டில் சமைப்பதென்றால் லெ புய் ஊரின் பச்சைப் பயறு போன்ற லென்டில் வாங்குங்கள். தோல் கெட்டி, வெந்தாலும் கரையாது. சாம்பாருக்கு உதவாது, சுண்டலுக்கு நம்மூர்ப் பயறு தோற்றுப்போகும்.

கே: மகன் ஒவெர்ன் பகுதியில் இருக்கிறான். குளிர்காலத்துக்கு '5 ஸ்தேர்' விறகுக்குப் பணம் கட்டினான். வந்ததை அடுக்கி டேப் வைத்து அளந்தால் 3.5 கன மீட்டர்தான். ஸ்தேர் என்றால் ஒரு கன மீட்டர் என்றுதான் போட்டிருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், விவேக் நகர்)

ஏமாற்றவில்லை. உங்கள் மகன் 33 செ.மீ. கட்டைகள் வாங்கியிருக்கிறார் என்பது கணக்கிலிருந்தே தெரிகிறது. ஒரு ஸ்தேர் என்பது ஒரு மீட்டர் நீளக் கட்டைகளை அடுக்கினால் வரும் ஒரு கன மீட்டர். அதையே 50 செ.மீ. துண்டுகளாக அறுத்தால் இடுக்குகள் குறைந்து சுமார் 0.8 கன மீட்டராக அடங்கும்; 33 செ.மீ. என்றால் 0.7. ஐந்து ஸ்தேருக்கு 5 × 0.7 = 3.5. விறகு அதேதான், காற்றுதான் குறைந்திருக்கிறது. ஆனால் அடுக்கி அளந்ததால்தான் இந்தக் கணக்கு. லாரியிலிருந்து கொட்டிய குவியலாக விற்றால் இடம் அதிகம் அடைக்கும், அப்போது இந்த எண்கள் பொருந்தாது.

அவர் பார்க்க வேண்டியது அளவை அல்ல, ஈரத்தை. ஓக், பீச், ஹார்ன்பீம் போன்ற கெட்டி மரங்கள் பிளந்தபின் ஒன்றரை இரண்டு வருடம் காய வேண்டும். ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, உட்புறத்தில் ஈரமானியைக் குத்திப் பார்த்தால் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வெளிப்புறத்தில் குத்தினால் பொய்யான எண் வரும். மானி இல்லையென்றால் இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள்: காய்ந்தது 'டங்' என்னும், ஈரமானது 'தொப்' என்னும். முனைகளில் விரிசல் ஓடியிருப்பதும் நல்ல அறிகுறி.

ஈர விறகின் சூட்டில் ஒரு பகுதி அதன் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். புகை குளிர்ந்து, புகைபோக்கியின் உட்சுவரில் தாராகப் படியும். ஒரு நாள் அந்தத் தார் தீப்பிடித்தால் வீட்டுக் கூரைவரை போகும். அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது புகைபோக்கியைத் துடைக்க ஆள் கூப்பிட வேண்டும். அவர் தரும் சான்றிதழை பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், தீ விபத்தென்றால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். அடுக்கைத் தரையில் படாமல் மரப் பலகைமேல் எழுப்பி, உச்சியை மட்டும் மூடவும். பக்கங்களைத் தார்ப்பாய் போட்டுச் சுற்றினால் உள்ளே பூசணம் பிடிக்கும். சாம்பலை அள்ளப் பிளாஸ்டிக் வாளி கூடாது, மூடியுள்ள தகர வாளி. மேலே ஆறியது போலிருக்கும் சாம்பலுக்குள் மறுநாளும் கங்கு இருக்கும்.

கே: தம்பி வீட்டெதிரே சர்ச். மணி 6 ஆனால் ஆறு அடித்துவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் ஆறு அடிக்கிறது. கடிகாரம் கெட்டுவிட்டதா? சேவல் சத்தம் வேறு. புகார் கொடுக்கலாமா? (வாசகி, ஆர்.கே. புரம், டெல்லி)

கெடவில்லை. பல கிராமங்களில் மணி இரண்டு தடவை அடிக்கும். வயலில் குனிந்து வேலை செய்கிறவர் முதல் தடவை எண்ண ஆரம்பிக்கும்போதே இரண்டு மூன்று போயிருக்கும், அவருக்காக இரண்டாவது என்று விளக்கம் சொல்வார்கள். மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் சைரன் ஒலித்தால் அதற்கும் பயப்பட வேண்டாம், சோதனைதான்.

புகாரை விட்டுவிடச் சொல்லுங்கள். ஒலெரோன் தீவில் மொரிஸ் என்ற சேவலின் மேல், விடுமுறைக்கு வந்து தங்கும் பக்கத்து வீட்டார் வழக்கே போட்டார்கள். 2019 செப்டம்பரில் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் சேவல் பக்கம் தீர்ப்புச் சொன்னது; வழக்குப் போட்டவர்களே 1,000 யூரோ நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தது. 2021 ஜனவரி 29இல் கிராமப்புறத்தின் ஒலிகளையும் வாசனைகளையும் பாரம்பரியமாக ஏற்கும் சட்டமே வந்துவிட்டது. சாண நாற்றமும் அதில் சேர்த்தி.

கே: ஒரு வாரம் கார் எடுத்து கிராமங்களைச் சுற்றலாம் என்றிருக்கிறோம். பெங்களூரு டிராஃபிக்கில் 20 வருடம் ஓட்டிய எனக்கு அங்கே என்ன கஷ்டம் இருக்கப்போகிறது? (வாசகர், இந்திராநகர்)

காலிச் சாலைதான் கஷ்டம். புறப்படும் முன் ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும்.

உங்களை மாட்டிவிடக்கூடிய விதி ஒன்று உண்டு: வலப்பக்கத்துக்கு முன்னுரிமை. நீங்கள் நேர்ச்சாலையில் போகிறீர்கள். வலப்புறம் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு சந்து. அந்தச் சந்திலிருந்து ஒரு பழைய வேன் உங்களைப் பார்க்காமலே வெளியே வரும். தப்பு உங்களுடையது! வேறு பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலமிருந்து வருபவருக்கே வழி. பெரிய சாலை, சின்னச் சாலை என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. வெள்ளை விளிம்புள்ள மஞ்சள் வைரக்கட்டம் தெரிந்தால் உங்கள் சாலைக்கு முன்னுரிமை. அதையே கறுப்புக் கோட்டால் அடித்திருந்தால் அந்த முன்னுரிமை அங்கே முடிந்தது. ஊருக்குள் நுழையும்போதுதான் அது அடிக்கடி முடியும். ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழிவிடுங்கள்.

வேகத்துக்குத் தனிப் பலகை தேட வேண்டாம். சிவப்பு விளிம்புள்ள ஊர்ப் பெயர்ப் பலகையைத் தாண்டினாலே 50 கி.மீ.; அதே பெயர் குறுக்குக் கோட்டோடு வந்தால் ஊர் முடிந்தது. வெளிச்சாலையில் 2018 ஜூலை முதல் பொதுவாக 80, சில மாவட்டங்களில் 90.

பெட்ரோல் போடுமிடத்தில் 'கசோல்' என்று எழுதியிருப்பது டீசல். பெயரைப் பார்த்துப் பெட்ரோல் என்று நிரப்பிவிட்டால் வாடகை வண்டியின் காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது. கிராமத்தில் பம்ப் இருக்காது. சூப்பர்மார்க்கெட் பம்ப் ஆளில்லாமல் கார்டில் ஓடும், பின் எண் உள்ள கார்டு வேண்டும். கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள்.

கே: நான் ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர். மகன் பர்கண்டியில் 1850 வாக்கில் கட்டிய கல்வீடு வாங்கியிருக்கிறான். உள்சுவர் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஊறி, பூச்சு உதிர்கிறது. வெளிப்புறம் நல்ல சிமெண்ட் பூச்சு இருக்கிறது. உள்ளேயும் வாட்டர்புரூஃப் சிமெண்ட் அடித்தால் போதும் என்கிறேன். அந்த ஊர்க் கொத்தனாரோ இருப்பதையும் உடைக்கச் சொல்கிறாராம். யார் சொல்வது சரி? (வாசகர், ஜெயநகர்)

கொத்தனார், சார். அந்த 'நல்ல சிமெண்ட் பூச்சு'தான் நோயே.

அந்தக் காலச் சுவர் 50 முதல் 70 செ.மீ. தடிமன். இரண்டு முகத்திலும் கல்; நடுவில் சில்லும் மண்ணும் சுண்ணாம்பும் நிரப்பியிருக்கும். அடித்தளம் ஆழமில்லை, ஈரத் தடுப்புப் படலம் கிடையாது. தரையின் ஈரம் ஏறத்தான் செய்யும். கட்டியவர்கள் அதைத் தடுக்கப் பார்க்கவில்லை. சுண்ணாம்பு இடுக்குகள் வழியாக வெளியே ஆவியாகிப் போகட்டும் என்று விட்டார்கள். ஏறுவதும் காய்வதும் சமமாக இருந்தவரை சுவர் நன்றாக இருந்தது. பிறகு யாரோ வெளியே சிமெண்ட் பூசினார்கள். வழி அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி, காய இடம் தேடி உள்பக்கம் வந்தது. உள்ளேயும் அடைத்தால் மாடி விட்டத்தின் முனை வரைக்கும் போகும். சுவருக்குள் புதைந்திருக்கும் மர முனை வெளியே தெரியாமல் உளுத்துவிடும். பர்கண்டிக் குளிரில் இன்னொன்றும் நடக்கும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும், சிமெண்டுக்குப் பின்னால் கல்லின் முகம் செதில் செதிலாகக் கழன்றுவிடும். பூச்சைத் தட்டிப் பாருங்கள்: 'டொக் டொக்' என்று பொள்ளலாக ஒலித்தால் பின்னால் அது தொடங்கியாயிற்று.

முதலில் ஒரு சோதனை. சுவரில் ஒரு முழ அளவுக்கு பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடச் சொல்லுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப்பக்கம் வியர்த்தால் அது சமையல், குளியல் ஆவி. அதற்கு ஜன்னலும் காற்றோட்ட விசிறியும் போதும், சுவரைத் தொட வேண்டாம்.

சுவர்தான் என்றால் வேலையை வெளியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரடியில் கொட்டுகிறதா, தோட்டத்து மண் உட்தரையை விட உயரமாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டைச் சரிசெய்தாலே பாதி வீடுகள் குணமாகும். வடிகால் வெட்டினால் சுவரை ஒட்டி வேண்டாம், ஒரு மீட்டராவது தள்ளி. ஆழமில்லாத அடித்தளத்தின் பக்க மண்ணை எடுத்துவிட்டால் சுவர் இறங்கிவிடும்.

பிறகு சிமெண்டைக் கழற்றுவது. சுத்தியும் உளியும் வைத்து மெதுவாக. கிரைண்டர் போட்டால் கல்லின் ஓரங்களை வெட்டிவிடும், வெட்டு காலத்துக்கும் தெரியும். திறந்த சுவரை ஒரு கோடைக்காலம் காய விடுங்கள். பலர் அவசரப்படும் இடம் இதுதான்.

இடுக்கு பூச இயற்கை நீரியல் சுண்ணாம்பு (தண்ணீர் பட்டதும் இறுகும் வகை) மூட்டையில் தூளாகக் கிடைக்கும். மேலே 2, 3.5, 5 என்று எண் இருக்கும். அது 28 நாளில் கலவை தாங்கும் அழுத்தம், மெகாபாஸ்கல் என்ற அலகில். மிருதுவான சுண்ணாம்புக் கல் வீட்டுக்கு 2 அல்லது 3.5. கலவை கல்லைவிட மிருதுவாக இருக்க வேண்டும் என்பதே விதி, நம் சிமெண்ட் பழக்கத்துக்கு நேர் எதிர். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல், பாத்திரத்தால் அளந்து. இடுக்கை 2, 3 செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, தூசி தட்டி, முந்தின நாளும் பூசுவதற்குச் சற்று முன்பும் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் சுண்ணாம்பு இறுகாமல் மாவாக உதிரும். 5 டிகிரிக்குக் கீழும் 30க்கு மேலும் பூசக் கூடாது. உறைபனி வரும் மாதங்களில் தொடவே வேண்டாம். கட்டை விரல் அழுத்தினால் பதியாத நிலையில் தூரிகையால் தேய்த்துவிட வேண்டும். செட்டிநாட்டுச் சுவருக்குப் போடுவது போல் கடுக்காய், வெல்லம் எதுவும் இதில் சேர்ப்பதில்லை.

உள்ளே சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும். எமல்ஷன் அடித்தால் மறுபடி பிளாஸ்டிக் சட்டை போட்டதுபோல்தான். அந்த அறை முன்பு மாட்டுத் தொழுவமாக இருந்திருந்தால் சுவரில் மூத்திர உப்பு ஊறியிருக்கும். வெள்ளைப் பூ பல வருடம் பூக்கும். துலக்கித் துலக்கி எடுக்க வேண்டியதுதான்.

வெளிச்சுவரைத் தொடுமுன் மேரியில் முன்னறிவிப்புத் தேவையா என்று கேட்கட்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் 500 மீட்டருக்குள் இருந்தால் அரசுக் கட்டடக் கலைஞரின் கருத்தும் வேண்டியிருக்கும். கிராமத்தில் அந்தச் சின்னம் பெரும்பாலும் சர்ச்சாகவே இருக்கும், அதனால் பாதி ஊர் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும்.

கே: படங்களில் ஒரு பக்கம் வேலி வேலியாகச் சின்ன வயல்கள், இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரே வயல். எதற்கு எந்த மாதம் போனால் படமெடுக்கலாம்? (வாசகர், செம்பூர், மும்பை)

வேலி வயல் நிலத்துக்கு பொகாஜ் என்று பெயர். நோர்மாந்தி, பிரெத்தாஞ், வோந்தே பக்கம். மாடு வளர்க்கும் ஊர்கள். மண்வரப்பின் மேல் மரமும் புதரும் வளர்த்து வேலியாக்கினார்கள். மாட்டை நிறுத்தும், காற்றைத் தடுக்கும், விறகும் தரும். போஸ் சமவெளி போன்ற கோதுமை நாட்டில் வேலிக்கு வேலையில்லை, வீடுகள் ஒரே கொத்தாக நிற்க, சுற்றிலும் திறந்த வயல். இரண்டாம் உலகப் போருக்குப் பின் துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்தபோது டிராக்டர் திரும்ப இடம் வேண்டும் என்று பொகாஜிலும் ஏராளமான வேலிகளைப் பிடுங்கினார்கள். பிறகு மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போவதைப் பார்த்து மறுபடி நடுகிறார்கள். இப்போது மானியம் வாங்கும் விவசாயி மார்ச் 16 முதல் ஆகஸ்ட் 15 வரை வேலியை வெட்டக் கூடாது, பறவை கூடு கட்டும் காலம்.

ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் கடுகு இனத்துக் கோல்சாவின் மஞ்சள் பூக்கள். ஜூனில் வைக்கோல் புல் அறுப்பு. ஜூலையில் கோதுமை அறுவடையும் சூரியகாந்தியும். வலோன்சோல் மேட்டு நிலத்தின் லாவெண்டருக்கு ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரைதான். அதற்குப் பின் அறுத்துவிடுவார்கள், ஆகஸ்டில் டிக்கெட் போட்டால் மொட்டை வரிசைகளைத்தான் எடுப்பீர்கள். பூவுக்குள் இறங்காதீர்கள், அது ஒருவருடைய வருமானம். தேனீயும் சும்மா விடாது.

கே: காட்டுக் காளானை யார் வேண்டுமானாலும் பறிக்கலாமா? (வாசகி, மயூர் விஹார், டெல்லி)

காட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு. அவர் அனுமதி வேண்டும். அரசுக் காடுகளில் பொதுவாக ஆளுக்கு 5 லிட்டர் கூடை வரை விடுவார்கள், உள்ளூர்த் தடையும் இருக்கலாம். பறித்ததை மருந்துக்கடையில் காட்டிக் கேட்கும் வழக்கம் உண்டு, ஆனால் எல்லா மருந்தாளருக்கும் தெரியும் என்று நம்ப வேண்டாம். மரணத் தொப்பி என்ற பச்சை வெளிறிய காளான் தின்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல் எந்தத் தொந்தரவும் தெரியாது. தெரியும்போது ஈரல் போயிருக்கும். நமக்குக் கடையில் வாங்குவதே போதும். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக் காலம், காட்டில் நடந்தால் ஆரஞ்சு நிறச் சட்டை போடுங்கள்.

கே: 30 லட்சத்துக்குக் கிராமத்து வீடு கிடைக்கிறது என்கிறார்கள். பெங்களூரில் பார்க்கிங் கூட வராது. வாங்கிப் போடலாமா? (வாசகர், ஒயிட்ஃபீல்டு)

கிடைக்கும். ஆனால் வாங்கியதற்காக விசா கிடைத்துவிடாது. வீட்டுக்காரர் ஆனாலும் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற அதே கணக்குத்தான். இங்கிருந்து பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வரம்பு நிதியாண்டுக்கு ஆளுக்கு 2,50,000 டாலர். விலைக்கு மேல் நோத்தேர் (சொத்துப் பத்திரத்தை எழுதிப் பதிவு செய்யும் சட்ட அதிகாரி) செலவும் பதிவு வரியும் சேர்த்து 7, 8 சதவீதம் போகும். முதல் ஒப்பந்தம் கைக்கு வந்த பின் 10 நாள் வரை காரணம் சொல்லாமல் விலகலாம். முக்கியமாகக் கேட்க வேண்டியது செப்டிக் டேங்க் அறிக்கை. மூன்று வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். விதிக்கு ஒத்து வரவில்லை என்று அதில் இருந்தால் வாங்குகிறவர் ஒரு வருடத்தில் சரிசெய்ய வேண்டும், தோட்டத்தையே தோண்டும் வேலை. இரண்டாம் வீட்டுக்கு நில வரியோடு குடியிருப்பு வரியும் உண்டு. வருடத்தில் ஆறு வாரம் தங்க இதைவிட வாடகை மலிவு என்பது எங்கள் கருத்து.

கே: இங்கே இந்தியா கேட் இருப்பது போல, முதல் உலகப் போரில் இறந்த இந்திய வீரர்களுக்கு பிரான்ஸில் ஒரு கிராமத்தில் நினைவிடம் உண்டாமே? (வாசகர், கரோல் பாக், டெல்லி)

நெவ் ஷப்பெல். வடக்கே பாதெகலே மாவட்டத்தில், சேறும் வாய்க்காலுமான சமவெளிக் கிராமம். 1915 மார்ச் 10 முதல் 13 வரை அங்கே இந்தியப் படைகள் போரிட்டன. கல்லறை இல்லாமல் போன 4,700க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் வட்டச் சுவரில் இருக்கின்றன. நடுவில் சுமார் 15 மீட்டர் தூண், உச்சியில் தாமரை, அடியில் இரண்டு புலிகள். 1927 அக்டோபரில் திறந்தார்கள். வடிவமைத்தவர் ஹெர்பர்ட் பேக்கர், உங்கள் நார்த் பிளாக், சவுத் பிளாக் கட்டியவர். லில் நகரிலிருந்து காரில் எளிதாகப் போய்வரலாம். பெயர் தேடுவதாக இருந்தால் படைப்பிரிவின் எண்ணைத் தெரிந்துகொண்டு போங்கள். அப்பா பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயராகவே பலர் இருப்பார்கள், படைப்பிரிவு வாரியாகத்தான் பொறித்திருக்கிறார்கள்.

வெர்தூன் பக்கம் போனால் இன்னொன்றும் பாருங்கள். 1916இல் குண்டுவீச்சில் தரைமட்டமாகித் திரும்பக் கட்டாத ஆறு கிராமங்களில் இன்றைக்கும் ஒருவர்கூடக் குடியில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் மேயர் உண்டு. ஓட்டுப் போட ஆளில்லாததால் அரசுப் பிரதிநிதியே நியமிக்கிறார். ஃப்ளரி என்ற ஊரில் ரொட்டிக்கடை இருந்த இடம், பள்ளி இருந்த இடம் என்று குண்டுக் குழிகளுக்கு நடுவே சின்னக் கற்கள் நட்டிருக்கும். பாதையை விட்டு இறங்காதீர்கள், வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன.